பிரேக் இறுகிய விஷயமாக மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். வெளிநாடு போகும்போது நீங்கள் எங்களிடம் விட்டுச் சென்ற கார் மட்டும் கொஞ்ச நாள் படுத்திருந்து இப்போது தேறிவிட்டது. அங்கே நீங்களும் என் மகளும், நான் இதுவரை போனில் மட்டுமே பார்த்திருக்கிற பேத்தியும் நலம்தானே?

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூவரும் வந்து இறங்கும்போது, விமான நிலையத்துக்கு நானே கார் ஓட்டி வருவதாக இருந்தேன். நேற்று உங்கள் மனைவி, அதாவது நான் பெற்ற மகள், போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா ஓட்டுனா வர்றோம். நீங்க ஓட்டுனா டாக்ஸி புடிச்சுக்கறோம்ப்பா." பெற்ற பெண் பேசியதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் என் பேத்தி முதல்முறை வீட்டுக்கு வரும்போது நான் வாசலில் கை கட்டி நிற்பதா? அந்தக் குழந்தைக்காக எத்தனை நாளாக ஏங்கிக் கிடக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆகவே நீங்கள் அவளிடம் பக்குவமாகப் பேசி, நான்தான் ஓட்டுவேன் என்பதற்குச் சம்மதம் வாங்கித் தர வேண்டும். அவள் பயப்படும் அளவுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு நாள் திடீரென்று பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. மிதித்தால் நான்தான் மேலே எழும்புகிறேன், அது கீழே போவதில்லை. தெருமுனையில் நிறுத்த வேண்டிய காரை, இரண்டு காலையும் ஊன்றி எழுந்து நின்று மிதித்து, எதிரே இருந்த தையல் கடைப் படியில் கொண்டுபோய் நிறுத்தினேன். தையல்காரர் கழுத்தில் டேப்போடு வெளியே வந்து, "அளவெடுக்கணுமா சார்?" என்றார். உங்கள் அத்தையோ, "பஸ்ஸுல லேடீஸுக்கு சீட்டு குடுக்கற மாதிரி எதுக்குங்க எந்திரிச்சு நிக்கறீங்க?" என்றாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான், நீங்கள் அறியாததா.

குடிநீர் இலாகாவில் ஆயுள் முழுக்கக் குழாயோடு மல்லுக்கட்டியவன் நான். குழாயில் அழுத்தம் அதிகமானால் கொஞ்சம் திறந்துவிட வேண்டும், இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன நட்டு இருந்தது. ஸ்பானரை எடுத்துத் திறந்துவிட்டேன். பிரேக் ஆயில் போனது, கூடவே பெடலும் மெத்தை மாதிரி தரையோடு போய்விட்டது. மெக்கானிக் வந்து மறுபடி ஆயில் ஊற்றி, காற்றை எடுத்து, போதாக்குறைக்கு நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் கட்டை மாட்டினார். பெடல் பழையபடி கல். "கெட்டியா இருந்தா நல்லதுதான் சார், காலுக்கு எக்சர்சைஸ்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இந்த இடத்தில் உங்கள் அத்தை தலையிட்டாள். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள், சும்மா இருப்பாளா? என்ஜினை அணைத்துவிட்டு, பெடலை நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். "இப்ப பெடல் லேசா கீழ எறங்கணும். எறங்குதா?" இறங்கவில்லை. பழைய ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள். என்ஜினிலிருந்து பிரேக்கின் பூஸ்டருக்கு, அதாவது பெடலுக்கு முன்னால் இருக்கும் அந்தக் கறுப்பு உருண்டைக்கு, ஒரு தடித்த ரப்பர் குழாய் போகிறது. அதன் அடிப்பக்கத்தில் வைத்து, "இங்கதான் உஸ்ஸுங்குது" என்றாள்.

நான் விடுவேனா? துணியால் துடைத்துக் காட்டினேன். "ஒரு சொட்டுகூட இல்ல. சொட்டாம என்ன லீக்கு?"

"காத்து உள்ள போகுது. வெளிய எது சொட்டும்? இது உங்க குழாய் இல்லைங்க, எங்க சக்‌ஷன் மெஷின். டியூப் கிழிஞ்சா மெஷின் கத்தும், உறிஞ்சாது. என்ஜின் உறிஞ்சுனாத்தான் உங்க காலுக்கு பலம்."

குழாயைக் கழற்றிப் பார்த்தால், அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மெக்கானிக் புதுக் குழாய் மாட்டினார். ஸ்டார்ட் செய்ததும் பெடல் பணிவாகக் கீழே இறங்கியது. "நான் அப்பவே நெனச்சேன்" என்றார் மெக்கானிக். நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஓட்டிப் பார்த்தோம். பழைய ஞாபகத்தில் எழுந்து நின்று மிதித்துவிட்டேன். கார் நடுத்தெருவில் ஆணியடித்தாற்போல் நின்றது. உங்கள் அத்தையின் மூக்குக் கண்ணாடி மட்டும் நிற்காமல் முன்னால் போனது. இதைத்தான் அவள் மகளிடம் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லியிருக்கிறாள். பிரேக் பிடிக்கவில்லை என்றால் குற்றம், பிடித்தாலும் குற்றமா? நீங்களே நியாயம் சொல்லுங்கள் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டீயரிங்கை நான் யாருக்கும் விட்டுத் தருவதாக இல்லை.

மகளுக்கு என் ஆசியும், கொஞ்சம் கோபமும். பேத்திக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம். நீங்கள் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பிரேக் மீது முழு நம்பிக்கையுள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடிதத்தை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், "தாராளமா நீங்களே ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்து குழந்தைய மடியில வச்சுக்கறேன். ஓட்டுறவர் கையில எப்படிக் குடுக்கறது?" என்கிறாள். இது எனக்குத் தோன்றவே இல்லை மாப்பிள்ளை. ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்யவும். மகளிடம் ஒன்றும் பேச வேண்டாம், அவள் விருப்பப்படி அத்தையே ஓட்டட்டும். கல்லை மிதித்து மிதித்து, சற்று முன்பிலிருந்து என் வலது முழங்கால் மடங்கவே மாட்டேன் என்கிறது. மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதற்கு மட்டும் நன்றாகவே மடங்குகிறது.