பிரதட்டையும் நாற்பத்தெட்டு இலக்கமும்

வுப்பர்டால்,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய கனகலிங்கம் சித்தப்பா அவர்களுக்கு,

நானும் மனைவி தேனுஜாவும் நலம். பீலெஃபெல்டில் உங்கள் சுகத்தையும் கேட்பதுதான் முறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊன்ட்றொப் அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவில் என் தலைமாட்டில் நீங்கள் நடந்த வேகத்தைப் பார்த்தபின் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் கணினி திறக்காதபடியால் மின்னஞ்சல் பயனில்லை. தொலைபேசியில் என்னைப் பேச விடமாட்டீர்கள். ஆகையால் கடிதம்.

சித்தப்பா, எனக்குக் கோபம். தொழிற்சாலையின் கணினி வலையமைப்பு முழுக்க என் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தபடியால்தானே பிறந்தநாள், செத்தவீட்டு அந்தியேட்டி என்று பாராமல் மடிக்கணினியோடு வந்து நிற்கிறீர்கள். சித்திரையில் அங்கே சேமிப்புப் பெட்டியிலுள்ள நாலு வட்டுகளில் ஒன்று செத்துப்போனது. புதிதைப் போட்டால் மற்ற மூன்றும் சேர்ந்து அதை நிரப்பிவிடும். நிரம்பி முடியுமுன் இன்னொன்று செத்தால் தொழிற்சாலையின் வரைபடங்கள் அத்தனையும் போய்விடும், என் வேலையும் கூடவே போகும். வேறு நகல் இல்லையா என்று கேட்பீர்கள். நகல் எடுக்கும் பெட்டி வாங்க நான் எழுதிக்கொடுத்த அன்ட்றாக், அந்த விண்ணப்பம், என் மேலதிகாரி யூலியாவின் மேசையில் தூங்குகிறது. அந்த நேரத்தில் நான் யாரிடம் போவது? அம்பாளிடம்தான் போனேன். "தாயே, மிச்சம் மூண்டும் தாக்குப்பிடிச்சால் தேருக்குப் பின்னால பிரதட்டை அடிக்கிறன்" என்று நேர்த்தி வைத்தேன். மூன்றும் தாக்குப்பிடித்தன. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஈர வேட்டியோடு வீதியில் உருண்டேன்.

தெற்கு வீதி தாண்டவில்லை, காதுக்குள் உங்கள் குரல். "தம்பி கிருபா, கொம்பியூட்டர் நீலமா நிண்டுகொண்டு நாப்பத்தெட்டு இலக்கம் கேக்குதடா." கைத் தேங்காயை இறுக்கிப் பிடித்து அம்பாளை நினைத்தேன். அடுத்த உருளலில், "ரவுட்டரையும் நிப்பாட்டிப் பாத்தனான், சரிவரேல்லை" என்றீர்கள். பூட்டிய வட்டுக்கு நாற்பத்தெட்டு இலக்கத் திறப்புச்சாவி கேட்கிற கணினிக்கு ரவுட்டரை நிறுத்தி என்ன பயன்? கார் ஸ்டார்ட் வராவிட்டால் கராஜ் கதவையா மூடித் திறப்பீர்கள்? அப்போதும் பொறுத்தேன். முகம் மேலே வந்தபோது நீங்கள் தெரிந்தீர்கள், கீழே போனபோது தார் தெரிந்தது. தார் எவ்வளவோ மேல். பிறகு சொன்னீர்களே: "ஆதிரையின்ர கலியாணப் படத்துக்குப் பயமில்லை. சி ட்ரைவில இருக்கிறதை டி ட்ரைவிலயும் கொப்பி பண்ணி வைச்சிருக்கிறன்."

இதைக் கேட்டபின் எந்த நெட்வேர்க்காரனால் சும்மா உருள ஏலும்? "ரெண்டும் ஒரே வட்டு, சித்தப்பா! நடுவில கோடு கிழிச்சு வைச்சிருக்கு, அவ்வளவுதான்!" என்று கத்தினேன். உங்களுக்கு விளங்கவில்லை என்று உங்கள் குரல் வந்த பக்கமே உருண்டேன். நீங்கள் பின்வாங்கப் பின்வாங்க நானும் விளக்கிக்கொண்டே உருண்டு, தேர் ஒரு பக்கம் போக, நான் கச்சான் கடலைக் கடையில் போய் முட்டி நின்றேன். எனக்குத் தண்ணீர் ஊற்றி வந்தவர்கள் அங்கேயும் வந்து ஊற்ற, கச்சான் நனைந்தது. "உதென்ன நேர்த்தி அண்ணை, என்ர கடையைச் சுத்தியோ?" என்று கடைக்கார அக்கா கேட்டார். எழும்பிப் பார்க்கத் தேர் வடக்கு வீதிக்குப் போய்விட்டது. அம்பாளுக்குக் கொடுத்த சொல் பாதியில் நிற்கிறது, சித்தப்பா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. அப்போது நீங்கள் சொன்ன ஆறுதல்: "எழும்பிட்டாய்தானே, ஒருக்கா காரடிக்கு வா. லப்டொப் டிக்கியில கிடக்கு."

ஆகவே இன்று முதல் உங்கள் மடிக்கணினி என் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. வட்டு, ரவுட்டர், கடவுச்சொல் எதுவும் எங்களுக்கிடையில் பேச்சாக வேண்டாம். கோயிலில் கண்டால் அம்பாளை மட்டும் கும்பிட்டுவிட்டுப் போங்கள். நாற்பத்தெட்டு இலக்கத்தையும் நீங்களே யோசித்துக் கண்டுபிடியுங்கள்.

சுந்தரேஸ்வரிச் சித்திக்கு என் அன்பு. தங்கை ஆதிரைக்கும் அவள் கணவருக்கும் அம்பாள் எல்லா நலமும் தரட்டும். உங்களுக்கும் தரட்டும், கொஞ்சம் பிந்தி.

இப்படிக்கு,
கோபம் தணியாத உங்கள் பெறாமகன்
கிருபன்

பி.கு.: சித்தப்பா, இதை உறையில் போடும்போது யூலியா கூப்பிட்டார். இன்னொரு வட்டும் செத்துவிட்டதாம். தொழிற்சாலைக்கு ஓடிவந்து, புதிதைப் போட்டு நிரப்பத் தொடங்கியாயிற்று. நான் பெட்டியை விட்டு அசைய ஏலாது. தபாலுக்கு நேரமில்லை, தேனுஜாவே காரில் இதைக் கொண்டுவருகிறாள். தயவுசெய்து அவளோடு ஊன்ட்றொப்புக்குப் போய், மிச்சப் பாதியை எனக்காக நீங்கள் உருளுங்கள். வேட்டியும் தேங்காயும் காரில் இருக்கின்றன. மடிக்கணினியை அவளிடம் கொடுத்துவிடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன். உருளும்போது தொலைபேசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு நிரம்பியது என்று நான் கூப்பிட்டுக்கூப்பிட்டுச் சொல்லுவேன். நீங்கள் பதில் பேச வேண்டாம், உருண்டுகொண்டே கேட்டால் போதும்.