செல்லப்பாண்டி தூக்க மேம்பாட்டுக் கமிட்டி

மனித குலம் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக எந்த மேற்பார்வையும் இல்லாமல் தூங்கிவந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது. ராஜாக்கள் தூங்கினார்கள், மந்திரிகள் தூங்கினார்கள். மறுநாள் காலையில் ஒருவருக்காவது யாராவது மார்க் போட்டார்களா? அந்த மாபெரும் குறை போடி பஜாரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் தீர்ந்தது.

என் கணவர் செல்லப்பாண்டி மளிகைக் கடைக்காரர். திருச்சபைக் கமிட்டியில் செயலாளர். குறட்டையும் விடுவார். பிரசங்கத்தின்போது அவர் விடும் குறட்டைக்குத் தக்கபடி குரலை உயர்த்திக்கொள்ளப் போதகரே பழகிவிட்டார்.

போன பிறந்தநாளுக்கு மகன் விஜய்ராஜ் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். மணி காட்டுவது அதன் உபதொழில். ஆள் எவ்வளவு நேரம் ஆழ்ந்து தூங்கினார், எவ்வளவு நேரம் கனவுத் தூக்கத்தில் இருந்தார், இடையில் எத்தனை தடவை முழித்தார் என்றெல்லாம் கவனித்து, விடிந்ததும் செல்போனுக்கு அறிக்கை அனுப்பும். நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க்கும் போடும்.

அறிக்கை வந்தால் பரிசீலிக்க ஒரு கமிட்டி வேண்டாமா? மகன் தலைவர். மருமகள் இவாஞ்சலின் செயலாளர். என் கணவர் 'தூங்கும் உறுப்பினர்'. நான் காபி கொண்டுவருவதால் 'சிறப்பு அழைப்பாளர்', ஓட்டுரிமை கிடையாது. தினமும் காலை ஜெபம் முடிந்து, இட்லி வைத்ததும் கூட்டம் தொடங்கும்.

"அப்பா, அம்பத்தெட்டு."

"நல்லாத்தானடா தூங்குனேன்."

"அது உங்க அபிப்பிராயம்ப்பா. இது டேட்டா."

அறுபது தாண்டிய மனிதர் இட்லித் தட்டைப் பார்த்துத் தலைகுனிந்தார்.

"பக்கத்துக் கடை கோட்டைச்சாமி எம்பத்தஞ்சு வாங்குறாராம்" என்றான் மகன்.

"அவரு கல்லாவுல உக்காந்தேல்ல தூங்குவாரு."

"அதையும் சேத்துருப்பாக மாமா" என்றாள் இவாஞ்சலின்.

செல்போனில் சிவப்புக் கோடுகள் வரிசையாக நின்றன. தலைவர் அவற்றை விரலால் பெரிதாக்கினார்.

"முழிப்பு பூராவும் கனவுத் தூக்கத்துலதான் வருது. அப்படி என்னப்பா கனவு?"

"சபைக் கமிட்டி மீட்டிங்."

"யாரும் எதுத்துப் பேசுறாகளா?"

"வரவு செலவு கேக்குறாக."

"அப்ப முழிப்பு வரத்தான் செய்யும்."

இந்த இடத்தில் சிறப்பு அழைப்பாளர் மரபை மீறி வாய் திறந்தார்.

"கனவும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. நான்தான் எழுப்புறேன். உங்கப்பா குறட்ட விட்டுக்கிட்டே இருப்பாக, திடீர்னு சத்தம் நின்னுரும். சத்தம் மட்டுமில்ல, மூச்சே நின்னுரும். தோள்ல ஒரு தட்டுத் தட்டி ஒருச்சாய்ச்சுப் படுக்க வைப்பேன். அப்பறந்தான் புஸ்ஸுன்னு மூச்சு வரும். நீ பொறக்குறதுக்கு முந்தியே ஆரம்பிச்ச வேலை இது."

கமிட்டி மொத்தமும் என் பக்கம் திரும்பியது. விஞ்ஞானிகள் கிருமியைக் கண்டுபிடித்த கணத்தில் அதை இப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

"அப்ப வாட்ச் காட்டுற அந்த 'இடையூறு' நீதானாம்மா?"

"மூச்சு நிக்குதுன்னு சொல்றேன்லடா."

"வாட்ச் அப்படி எதுவும் சொல்லலையே."

வாட்ச் சொல்லாததை நான் சொல்லலாமா? என் தவறு எனக்கே விளங்கியது. என்னைச் சரக்கு அறைக்கு, மல்லி மூட்டைகளுக்குப் பக்கத்தில் மாற்றுவது என்று மகன் முன்மொழிந்தான்.

"அத்தைக்கும் ரெஸ்ட் கிடைச்ச மாதிரி இருக்கும்" என்று மருமகள் வழிமொழிந்தாள்.

தூங்கும் உறுப்பினர் என்னைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். கோட்டைச்சாமியின் எண்பத்தைந்தை நினைத்திருப்பார் போலும். மெல்லக் கையைத் தூக்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பலன் மறுநாளே தெரிந்தது. தொண்ணூற்றொன்று! முழிப்பு: பூஜ்யம். கேசரி கிண்டினோம். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரையோடு சேர்த்து அந்த மார்க்கையும் கட்டிக் கொடுத்தார் என் கணவர்.

"கீழ ஒரு கோடு பள்ளத்துல விழுந்து விழுந்து எந்திரிக்குதே, அது என்னப்பா?" என்று கேட்டேன்.

"அது ஆக்சிஜன்ம்மா. வாட்ச் வாரு லூசா இருந்திருக்கும்."

வாரை ஒரு துளை இறுக்கிக் கட்டுவது என்று அவசரத் தீர்மானம் போட்டார்கள். அப்படியும் கோடு மரியாதை இல்லாமல் விழுந்துகொண்டே இருந்ததால், அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை என்று இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்.

"காலையில எந்திரிச்சா மண்டையப் பொளக்குதுடா" என்றார் என் கணவர்.

"தொண்ணூத்தொண்ணு வாங்குனவருக்கு எப்படிப்பா தலை வலிக்கும்?"

சிறந்த தூக்கத்தின் பயனாகப் பகலிலும் அவருக்குத் தூக்கம் பெருகியது. உளுந்து நிறுக்கும்போதே தூங்கினார். மீதிச் சில்லறையைக் கொடுக்க நீட்டிய கை நீட்டியபடியே இருக்கத் தூங்கினார்.

தொண்ணூற்று நான்கு வாங்கிய அன்று கம்பத்தில் ஒரு கல்யாணம். தனியாக ஸ்கூட்டரில் கிளம்பினார். அனுமந்தன்பட்டி தாண்டியதும் ரோடு வளைந்தது, இவர் வளையவில்லை. நேரே திராட்சைப் பந்தலுக்குள் போய்விட்டார். தோட்டக்காரர் எங்களுக்குப் போன் போட்டார்.

"ஆளுக்கு உசுரு இருக்குங்க, பயப்படாதீக. கல்லுத்தூண்ல இடிச்ச பெறகும் கொறட்ட நிக்கல."

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கமிட்டித் தலைவர் தமது சாதனைகளை டாக்டரம்மாவிடம் சமர்ப்பித்தார். அந்த அம்மா மார்க்கைப் பார்க்கவே இல்லை. நாங்கள் திறப்பதில்லை என்று தீர்மானித்திருந்த பக்கத்தைத்தான் திறந்தார்.

"இவருக்குத் தூக்கத்துல மூச்சு அடைக்குது. கனவு வர்ற நேரத்துல தொண்டைச் சதை ரொம்பத் தளந்துபோகும், அப்ப அடைப்பும் கூடும். உடம்பு தன்னால ஒரு நொடி முழிச்சுத்தான் மூச்ச இழுக்கும். அந்தச் சின்ன முழிப்பையெல்லாம் வாட்ச் பிடிக்காது. ஆனா முதல் வாரத்துல நல்ல முழிப்பாவே காட்டியிருக்கே, அது எப்படி நின்னுச்சு?"

"நாங்க நடவடிக்கை எடுத்தோம் டாக்டர்."

"என்ன நடவடிக்கை?"

"அத்தைய மல்லி மூட்டைக்கிட்ட மாத்திட்டோம்" என்றாள் இவாஞ்சலின்.

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து முறையாகச் சோதிக்க வேண்டும், மூக்கில் மாட்டும் காற்று மெஷின் தேவைப்படும், அதுவரை பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டிலில் கட்டுப் போட்டுக் கிடந்தவர் மற்றக் கையால் என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வி, நீ இங்கனயே இரு."

செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் மகன் சொன்னான்: "அம்மா இருந்தா மறுபடியும் முழிப்பு ஏறுமேப்பா. கஷ்டப்பட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருக்கோம்."

சிறப்பு அழைப்பாளர் நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏலே விஜய்ராசு, ஒரு தடவைகூட முழிக்காமத் தூங்குறவுக நம்ம சபைக் கல்லறைத் தோட்டத்துல வரிசையாப் படுத்திருக்காக. அத்தன பேரும் நூத்துக்கு நூறு. உங்கப்பாவ அங்கன சேக்கத்தானடா ரெண்டு பேரும் தீர்மானம் போட்டீக?"