சறுக்கரின் தோப்புக்கரணம்

எங்கள் சங்கத்தின் முன்னாள் செயலாளர் பொய் சொன்னார். அதுவும் சறுக்கரின் செத்த வீட்டில், சவப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மைக்கில் சொன்னார். "சறுக்கருக்கு மேடை கொடுத்ததே எங்கள் சங்கம்தான். கடைசி நேரத்தில் அவர்தான் பயந்து பின்வாங்கிவிட்டார்" என்றார். சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த சறுக்கரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

லண்டனுக்கு வந்த தமிழரில் சறுக்கரைப் போல ஒரு கரைச்சல் பிடித்த மனிதர் இருந்ததில்லை. வாய்க்கொழுப்பு, பிடிவாதம், தற்பெருமை எல்லாம் அளவுக்கு மேலே இருந்தன. பயம் மட்டும் இருக்கவில்லை. அவருடைய சொந்தப் பெயரை நான் மரண அறிவித்தலில்தான் முதன்முதல் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுவில் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டை எடுத்து ஆறு பேர் இருந்தோம். மற்ற எல்லோருக்கும் பெற்றோல் ஷெட்டில் வேலை. சறுக்கருக்கு மட்டும் ஒரு செயற்கைப் பனிச்சறுக்கு மேட்டில் வேலை கிடைத்தது. லண்டனில் விழுகிற பனி சறுக்கப் போதாது. ஆகவே ஒரு மேட்டின் மேல், பல்துலக்கும் பிரஷ் போலக் குத்திநிற்கும் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அதில் சறுக்கினார்கள். வருகிறவர்களின் காலுக்கு வாடகைச் சப்பாத்துக் கொடுத்துத் திருப்பி வாங்குவது இவருடைய வேலை. அதனால் நாங்கள் அவரைச் சோறு குழைக்க விடுவதில்லை.

வேலை முடிந்தபின் அவரும் சறுக்கிப் பார்த்தார். முதல் கிழமையே பெருவிரல் முறிந்தது. அந்த விரிப்பு முழுக்கத் துளை. விழுகிறவன் கையை ஊன்றினால் பெருவிரல் துளைக்குள் மாட்டிக்கொள்ளும். சறுக்கர் கட்டுப்போட்ட கையோடு சமையலறையில் இருந்து யோசித்தார். பிறகு எழும்பி, இரண்டு கையையும் குறுக்கே போட்டு, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நின்றார்.

"இப்ப விழுந்தா என்ன செய்வியள், அண்ணை?" என்று கேட்டேன்.

"தோளிலை விழுவன். தோள் பெரிசு. துளைக்குள்ளை போகாது. பிள்ளையார் வழி காட்டிப்போட்டாரடா."

அதோடு எங்களுக்குச் சனி பிடித்தது. காலையில் மாடிப்படியில் தேநீர்த் தட்டின் மேல் ஏறி, காதைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகச் சறுக்கி வந்தார். கீழே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவன் எவனும் முழுதாகத் தப்பவில்லை. வாடகைக்குக் கொடுக்க முடியாதென்று கழித்துப்போட்ட காலில் பூட்டும் ஒரு சோடிச் சறுக்குக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியல் தொட்டியில் கிடத்தினார்.

"அண்ணை, கட்டை குளிச்சு முடிச்சிட்டுதே? எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றேன்.

"பொறடாப்பா. ஈரம் வடிய வேணும். நீ நாளைக்குக் குளி."

பனிச்சறுக்கில் ஃப்ரீஸ்டைல் என்று ஒன்று உண்டு. அதில் பாலே என்று ஒரு பிரிவு இருந்தது. பாட்டைப் போட்டுவிட்டு, மேட்டால் இறங்கிக்கொண்டே சுற்றுவார்கள், பின்பக்கமாகப் போவார்கள், காலைக் குறுக்கே போடுவார்கள். அதில் வேகத்துக்கு மதிப்பில்லை. மற்றவன் செய்யாததை நீ செய்கிறாயா என்றுதான் பார்ப்பார்கள். சறுக்கருக்காகவே உண்டாக்கிய விளையாட்டு.

அந்த மேட்டில் நடந்த போட்டிக்கு அவர் நாதஸ்வரக் கசெட்டோடு போனார். ஆலாபனை முடியும்வரை உச்சியில் ஆடாமல் அசையாமல் நின்றார். நடுவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். தவில் விழுந்ததும் புறப்பட்டார். முதுகு முன்னால் வர, காதைப் பிடித்தபடி, ஓடுகிற கட்டையின் மேலேயே குந்தி எழும்பினார். எழும்பும்போது ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். மறுபடி குந்தினார். சனம் முதலில் சிரித்தது. பாதி மேட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. கீழே வந்து சேர்ந்தபோது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

மற்றவர்களைப் போலக் கையில் சறுக்குக் கோல் இல்லையென்று நடுவர்கள் மார்க்கைக் குறைத்தார்கள். சறுக்கர் என்னையும் இழுத்துக்கொண்டு நேரே அவர்களிடம் போனார்.

"கோல் எதுக்கெண்டு கேள். நான் என்ன மாடு மேய்க்கவோ வந்தனான்?"

அவருக்குக் கோல் வசதியில்லை என்று நான் மொழிபெயர்த்தேன்.

அடுத்த கோடையில் அந்த மேட்டுக்குப் போனால், வெள்ளைக்காரப் பொடியள் காதைப் பிடித்துக்கொண்டு குந்திக் குந்தி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சதுர்த்தியன்று கோயிலில் நிற்பதுபோல இருந்தது. சறுக்கர் அவர்களுக்குப் பின்னால் திரிந்து, வலக்கைதான் மேலே வரவேண்டும் என்று ஏசிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரிலிருந்து அவருடைய மனைவி வந்தார். படிப்பித்தவர், அமைதியான மனுஷி. வந்த கொஞ்ச நாளில் தமிழ்க் கடைக்காரி ஒருத்தி, "உங்கடை மனிசன் வெள்ளைக்காரருக்குக் குரங்காட்டம் காட்டுறாராம்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மனைவி அந்த மேட்டுப் பக்கம் போக மறுத்துவிட்டார்.

"எங்கடை சங்கம் உங்களைக் கூப்பிடட்டும். எங்கடை ஆக்களுக்கு முன்னாலை செய்யுங்கோ. அப்ப வந்து பாக்கிறன்" என்றார்.

யாரிடமும் பல்லைக் காட்டாத மனிதர், அந்தக் குளிர்காலம் முழுக்க இதே செயலாளரின் வாசலில் நின்றார். கடைசியில், கோடையில் நடக்கும் விளையாட்டு விழாவில் ஒரு இடம் தருவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டார். நாங்கள் பழைய விரிப்புகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பூங்காவின் பின்பக்கச் சரிவில் விரித்து, முளை அடித்து, வாளியால் தண்ணீர் ஊற்றினோம். மனைவி கூடாரத்துக்கு மறுபக்கம் மேடைக்கு முன்னால் இருந்தார். அங்கிருந்து சரிவு தெரியாது. மைக்கில் அறிவித்ததும் எல்லோரையும் சரிவுக்குக் கூட்டி வருவதாக ஏற்பாடு.

அறிவிப்பு வரவில்லை. செயலாளர் வந்தார்.

"இதைச் சுருட்டுங்கோ."

"ஏன்?" என்றேன்.

"கவுன்சில் வெள்ளைக்காரர் வந்திருக்கினம். காதைப் பிடிச்சுக்கொண்டு குந்தினா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"அங்கை மேட்டிலை வெள்ளைக்காரரே இப்ப காதைப் பிடிச்சுக்கொண்டுதான் சறுக்கினம்."

"கதை வேண்டாம். சுருட்டச் சொன்னாச் சுருட்டுங்கோ."

நான் அசையவில்லை. கூட வந்த சங்கத்து ஆட்களை வைத்துச் சுருட்டினார். உச்சியில் சறுக்கர் கட்டையில் ஏறி, கைகளைக் குறுக்கே போட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். கீழேயிருந்து மேலே விரிப்பு சுருண்டு வந்தது. சறுக்கர் குனிந்து கட்டையைக் கழற்றினார். கல்லுப் போன்ற சறுக்குச் சப்பாத்தோடு புல்லில் தடக்குத் தடக்கென்று இறங்கி மனைவியிடம் போனார். நான் பின்னால் போனேன்.

"முழங்கால் நோகுது. நான்தான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

மனைவி அவரைப் பார்த்தார். "பயந்திட்டியளே?"

"ஓம்" என்றார் சறுக்கர்.

நாங்கள் இருவர் மட்டும் வான் வண்டிக்குள் ஏறியதும், ஏன் பொய் சொன்னீர்கள் என்று நான் கத்தினேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "சங்கம் துரத்தினதெண்டு மனிசிக்குத் தெரிஞ்சா, கடைக்காரி சொன்னது சரியெண்டு நினைப்பாள். பயந்தவனெண்டே நினைக்கட்டும். பயந்தவனோடை சீவிக்கலாம். ஊர் சிரிக்கிறவனோடை ஏலாது. நான் இருக்குமட்டும் நீ வாய் திறக்கப்படாது."

அதற்குப் பிறகு அவர் சறுக்கவில்லை. சப்பாத்துக் கொடுத்தார், வாங்கினார். மாடிப்படியில் எல்லோரையும் போல நடந்து இறங்கினார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் நெஞ்சுவலி வந்து செத்துப்போனார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் அவருடைய மனைவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தேநீர் தந்தார். முழுவதையும் கேட்டார்.

"நீங்கள் அவரிலை உள்ள பாசத்திலை சொல்லுறியள், தம்பி. பயந்தனெண்டு அவரே தன்ரை வாயாலை சொன்னவர். அண்டைக்குச் செத்த வீட்டிலை செயலாளரும் அதைத்தானே சொன்னவர்" என்றார்.

நான் சொல்லி எடுபடவில்லை. ஆகவே செயலாளர் அவர்களே, எனக்கு ஃபோன் எடுக்க வேண்டாம். சமாதானம் பேச ஆள் அனுப்பவும் வேண்டாம். விரிப்பைச் சுருட்டச் சொன்னது யார் என்று இந்தப் பத்திரிகையில் உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். நீங்கள் வந்தபோது அந்த மனிதர் புதுச்சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, திருநீறு பூசி, கலியாண மாப்பிள்ளை போல உச்சியில் நின்றதைப் பார்த்தீர்களா இல்லையா? அதையும் எழுதுங்கள். அவருடைய மனைவி வாசிக்க வேண்டும்.