மண் என்ற சொல்லே இல்லை

என் கலியாணப் பேச்சில் எனக்கிருந்த தகுதி ஒன்றே ஒன்றுதான். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று அக்கா பெண்வீட்டாரிடம் சொல்லியிருந்தாள். (அவளுக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். நானாகத்தான் இருக்க வேண்டும்.)

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அகதியாக வந்து, நகரத்தின் ஒரு கோடியில், பார்க்டேலில் நாலு பேருடன் ஓர் அறையில் இருந்துகொண்டு, உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பெண்வீடு நகரத்தின் மறுகோடியில், மோர்னிங்சைட்டில். வருங்கால மாமனார் செல்லத்துரை அங்கிள் புதிதாக வாங்கிய வீட்டின் பின்வளவு, சரிந்துகொண்டே போய்க் கீழே ஓர் ஓடையில் முடியும். நிச்சயதார்த்தத்தை அங்கேதான் கூடாரம் அடித்துச் செய்வது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். சரிவில் கூடாரம் நிற்காது. ஆகவே மூன்று லொறி மண் கொட்டி நிரவினார். சொந்தக் காணிக்குள் மண் போட யாரைக் கேட்க வேண்டும்?

கேட்டிருக்க வேண்டியவர்கள் கடிதம் போட்டார்கள். ஓடைகளையும் பள்ளத்தாக்குகளையும் பாதுகாக்கும் அதிகார சபையாம்.

எனக்குப் பேசியிருந்த வதனி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் சண்டையே பிடிக்கக்கூடியவள். ஆனால் மாப்பிள்ளை இருக்கும்போது கடிதத்தை மகளிடம் கொடுப்பது மரியாதையா? அங்கிள் என்னை வரவழைத்து, தேத்தண்ணியும் பற்றிஸும் முன்னால் வைத்து, கடிதத்தை நீட்டினார்.

"தம்பி, உதென்னெண்டு ஒருக்காப் பாரும்."

"நான் பாக்கட்டோ?" என்றாள் வதனி.

"உங்களுக்கு ஏன் சிரமம்?" என்றேன். (கடவுளே, அந்த வாயை அன்றே தைத்திருக்கலாம்.)

இரண்டு பக்கக் கடிதம். அதில் எனக்கு நன்றாகப் பழகிய சொற்கள் மூன்று இருந்தன: பெர்மிட், அப்ளிகேஷன், ஃபில். இந்த ஃபில் மட்டும் வரிக்கு வரி வந்தது. அகதி விண்ணப்பம் முதல் பஸ் பாஸ் வரை நாங்கள் இந்த நாட்டில் செய்த ஒரே வேலை ஃபோம் ஃபில் பண்ணியதுதானே? எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது.

"அங்கிள், இது ஒண்டுமில்லை. பெர்மிட்டுக்கு ஒரு ஃபோம் ஃபில் பண்ணாமல் விட்டிட்டியள். அதைத்தான் கேக்கிறாங்கள். ஃபோமும் உள்ளுக்கை வைச்சிருக்கிறாங்கள்."

"மண் கொட்டினதைப் பற்றி ஏதும் கிடக்கே?"

நான் இரண்டு பக்கத்தையும் விரலால் தடவித் தேடினேன். "மண் எண்ட சொல்லே இல்லை, அங்கிள்."

அது சத்தியம். மண் என்ற சொல் அதில் இல்லைதான். அங்கிள் நிம்மதியாக மூச்சுவிட்டு, அன்றைக்கே இன்னும் இரண்டு லொறிக்குச் சொல்லிவிட்டார்.

நான் ஃபோமை நிரப்பினேன். ஃபில்லின் வகை என்ன? நீல மைப் பேனா. அளவு? நான்கு பக்கமும் முழுமையாக. எங்கிருந்து கொண்டுவரப்பட்டது? இதில் சற்றுத் தடுமாறி, என்னைத்தான் கேட்கிறார்கள் என்று முடிவுசெய்து, பார்க்டேல் என்று எழுதினேன். ஆழம் எவ்வளவு? எனக்குத் தெரிந்த மட்டும். (வெள்ளைக்காரர் எதையும் ஆழமாகக் கேட்பவர்கள் என்று வியந்தது நினைவிருக்கிறது.) நோக்கம்? நீங்கள் கேட்டதால். ஃபில் செய்த இடத்தின் வரைபடம் இணைக்கவும் என்றிருந்தது. அங்கிளின் சாப்பாட்டு மேசையை அளவெடுத்து, கதிரைகளோடு வரைந்து, அன்றே தபாலில் போட்டேன்.

ஞாயிறு நிச்சயதார்த்தம். வெள்ளி காலை கூடாரக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, இறப்பர் பூட்ஸ் போட்ட உயரமான பெண் அதிகாரி ஒருவர் வந்தார். அவர் கையில் என் ஃபோம். நான் முன்னே போய்க் கைகுலுக்கி, "ஐ ஃபில்" என்று பெருமையோடு சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், மண் மேட்டைப் பார்த்தார், மேசைப் படத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபோமை வதனியிடம் கொடுத்தார்.

வதனி வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிலத்தில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள்.

"அப்பா, ஃபில் எண்டா மண். பள்ளத்தை நிரப்பிற மண். கொட்டின மண்ணின்ரை விபரத்தை ஃபோமிலை எழுதிப்போட்டு, அதை அள்ளச் சொல்லித்தான் அந்தக் கடிதம்."

அதிகாரி சொல்லச் சொல்ல அவளே மொழிபெயர்த்தாள். காணி உங்களுடையதுதான். ஆனால் ஓடைச் சரிவில் குறித்த எல்லைக்குள் அனுமதியில்லாமல் மண் கொட்டவோ நிலத்தை உயர்த்தவோ முடியாது. மழைக்கு மண் சரிந்து ஓடை அடைத்தால், கீழேயுள்ள வீடுகளுக்குள் வெள்ளம் போகும். அதைத் தடுப்பது சபையின் கடமை. எடுக்காவிட்டால் நீதிமன்றம் போகும் அதிகாரமும் அதற்கு உண்டு. சரிவில் யந்திரம் இறக்கக்கூடாது.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "மண் எண்ட சொல்லே இல்லையெண்டு நீர்தானே சொன்னனீர்?"

நான் கூடாரத் துணியை உற்றுப் பார்த்தேன்.

"கலியாணத்தைப் பிறகு பாப்பம். முதல்லை மண் போகட்டும்."

அழைத்திருந்த அத்தனை பேருக்கும் அக்கா தொலைபேசியில் காரணம் சொன்னாள். ஃபில் பற்றிய விளக்கத்தோடு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. எனக்கோ கலியாணம் நடக்காதென்ற பயம். வதனியை எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. அவள் அப்படிச் சிரித்த பிறகு இன்னும் பிடித்துவிட்டது.

நாலு வார இறுதிகள். பார்க்டேலிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக ஐந்து லொறி மண்ணையும் மேலே ஏற்றினேன். நடுவில் வதனி தண்ணீர் கொண்டுவந்து தருவாள். "ஆழம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கடைசியில் அதே அதிகாரி வந்து அளந்து, சரியென்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை வதனிதான் வாசித்தாள்.

அங்கிள் அக்காவிடம் சொன்னாராம்: "இங்கிலிஸ் ஒண்டுமில்லை, பிள்ளை. ஆனால் ஆள் மண் அள்ளுவான். குடுக்கலாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த ஃபோமும் எனக்கு வருவதில்லை. திருமணப் பதிவு, குடியுரிமை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாம் வதனி. போன மாதம் மகள் பல்கலைக்கழகத் தாளொன்றை என் முன் வைத்து, ஒரு கோட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஜஸ்ற் சைன். வேறை ஒண்டையும் தொடாதேங்கோ."

நான் கையெழுத்துப் போட்டேன். இந்த வீட்டில் எனக்குள்ள அதிகாரம் அந்தக் கோட்டின் நீளம்தான்.