ரவை அண்ணாச்சியும் சத்தம் வராத தோட்டாவும்

விருதுநகர் மாவட்டத்திலேயே துப்பாக்கிக்கு அதிகம் பயந்த மனிதர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் ரவை அண்ணாச்சி. தோட்டா தயாரிப்பதுதான் அவர் வேலை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மூடிப்போன ஒரு பஞ்சு மில் வளாகத்தில் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப் இருக்கிறது. நான் அங்கே மேனேஜர். அண்ணாச்சி ராணுவத்தின் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுட்ட தோட்டாக் கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்து, போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்குக் கொடுப்பார். அரசு அனுமதியோடு நடந்த வேலை அது. அந்தக் குண்டுக்கு ரவை என்றும் பெயர். இது புரியாமல் போனில், "அண்ணாச்சி, ரவை கிலோ எம்புட்டு?" என்று கேட்டவர்கள் உண்டு.

"நாம சாப்பிடுத ரவை இல்லம்மா. இது நம்மளச் சாப்பிடுத ரவை" என்று சொல்லி போனை வைத்துவிடுவார்.

அவர் அறைக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் வெடிமருந்து, இந்தப் பக்கம் என் முதுகு. அவர் வேலை செய்யும்போது உள்ளே போன் கூடாது, ஃபேன் கூடாது, பேச்சு கூடாது. மேஜை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். நடுவில் யாராவது கதவைத் தட்டினால் அத்தனை கூட்டிலிருந்தும் மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருமுறை நான் தும்மினேன். அன்று முழுக்க ஒரு தோட்டாகூட வெளியே வரவில்லை. அதன்பிறகு தும்மல் வந்தால் சாலைக்கே ஓடிவிடுவேன்.

தோட்டாவை அதன் பருமனைக் குறிக்கும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். எல்லாத் தோட்டாவும் ஒன்றுதானே என்று ஒரு புது உறுப்பினர் கேட்டுத் தொலைத்தார்.

"ஏலே, எங்க வீட்டு ஆளுக எல்லாரும் ஒண்ணா? இருபத்திரண்டு எங்க பேத்தி. சின்னதுன்னு நம்பிராத, அதுவும் கடிக்கும். முப்பத்திரண்டு எங்க மூத்த மாப்ள. அதிர்ந்து பேச மாட்டாவ, சொன்ன எடத்துல போய் நிப்பாவ. நாப்பத்தஞ்சு எங்க மாமனாரு. வந்தாவன்னா வீடே ஆடும்."

"அப்ப ஒன்பது எம்.எம்.?"

"அது சர்க்கார் வீட்டுப் பிள்ள, போலீசுக்கும் பட்டாளத்துக்கும்தான். நாம சம்பந்தம் பேசப் போகக்கூடாது."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "முப்பத்திரண்டுலயே ரிவால்வருக்கு ஒண்ணு, பிஸ்டலுக்கு ஒண்ணு. பேருதான் ஒண்ணு, ஆளு வேற. மாத்திப் போட்டேன்னா..." அதற்கு மேல் சொல்லாமல் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கேட்டவருக்கு அன்று சுடவே மனம் வரவில்லை.

இப்படிப்பட்டவர் கையிலும் ஒரு நாள் பிசகியது.

அண்ணாச்சி மருந்து நிரப்பிக்கொண்டிருந்தபோது தகரக் கூரையில் தடதடவென்று சத்தம். மலையிலிருந்து வந்த குரங்குகள். மருந்து இருக்கும் அறைக்கு மேலே குரங்கு ஆடினால் யாருக்குத்தான் குலை நடுங்காது? கம்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். விரட்டிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையை முடித்தார்.

மறுநாள் அந்தத் தோட்டாக்களோடு பயிற்சிக்கு நின்றவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஒன்றின் விளையாட்டு டீச்சர். அண்ணாச்சி அவரை மரியாதையாக 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். பின்னால் நாங்கள் இருவரும் நின்றோம். டமார், டமார் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று, சோடா பாட்டில் மூடி திறந்ததுபோல ஒரு 'டப்'. அவ்வளவுதான். டீச்சரின் விரல் அடுத்ததைச் சுட மடங்கியது.

"ஏட்டி! விரல எடுட்டீ!"

காதடைப்பான் மாட்டியிருந்த டீச்சருக்கே அது கேட்டது. அண்ணாச்சிக்குள் இவ்வளவு பெரிய குரல் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

டீச்சர் விரலை எடுத்துவிட்டார். "இலக்கப் பாத்தே பிடிச்சிருங்க. செத்த நேரம் அசையாதீய" என்றார் அண்ணாச்சி, இப்போது கெஞ்சும் குரலில். சில தோட்டா தாமதமாகவும் வெடிக்கும் என்பதால் காத்திருந்தோம். எதிரே மணல் மேட்டில் ஒரு மைனா சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. அதன் தைரியம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு ரிவால்வரைக் காலிசெய்து, உள்ளே பார்த்தார் அண்ணாச்சி. குழாயின் நடுவில் குண்டு சிக்கியிருந்தது. அந்தக் கூட்டில் மருந்தே இல்லை. கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்க இருக்கும் பொட்டுவெடி அளவு நெருப்பு மட்டும் குண்டைப் பாதி வழிக்குத் தள்ளியிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் டீச்சரின் முகத்துக்கு முன்னால் வெடித்திருக்கும்.

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்தார். "டீச்சரம்மா, ஏட்டின்னு சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க" என்றார் முதலில். பிறகுதான் அழுதார்.

அன்று மாலையே, மிச்சமிருந்த தோட்டாக்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுவிட்டு, சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டீச்சரும் நானும் ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனோம்.

"நீங்க கத்தலன்னா எனக்குக் கையும் இல்ல, கண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

"கத்துனது சரிதாம்மா. கத்த வேண்டி வந்துச்சே, அதுல்லா தப்பு. கொரங்க வெரட்டிட்டு வந்து, அம்புட்டுக் கூட்டையும் பாத்துட்டேன்னு நெனச்சேன். பாக்கல. பயந்துபோய் இருந்தேன், ஆனா பயப்பட வேண்டியதுக்குப் பயப்படல."

"வேற ஆள் செஞ்ச தோட்டாவ நான் தொட மாட்டேன். நீங்க வரலன்னா நான் போட்டிக்குப் போகல" என்று டீச்சர் எழுந்துவிட்டார்.

அண்ணாச்சி வாசல்வரை பின்னாலேயே வந்தார். அங்கே நின்று, "ஒத்தக் கண்ணு பத்தாது. நான் ரொப்புன ஒவ்வொரு கூட்டையும் இன்னொரு ஆளு பாக்கணும். சம்மதம்னா வாரேன்" என்றார்.

"யார் பாக்குறது?" என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கமே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவன், அடுத்த திங்கட்கிழமை அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, தோளோடு தோள் இடிக்க, ஒவ்வொரு கூட்டையும் அவர் பார்த்தார், நான் பார்த்தேன், மறுபடி அவர் பார்த்தார். அவருக்கும் நடுக்கம், எனக்கும் நடுக்கம். அதைவிடப் பத்திரமான ஓர் இடத்தில் நான் இன்றுவரை உட்கார்ந்ததில்லை.