சாய்தளத்தில் ஒட்டிய சிவப்பு நோட்டீஸ்

அன்பு மகன் டாரெலுக்கு,

உன் பெரியம்மா லவான் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் சௌக்கியம் என்று உன் அம்மா போனில் சொன்னாள், சந்தோஷம். இங்கே உன் பெரியப்பாவுக்கு வலது கை இன்னும் எழும்பவில்லை. பேச்சும் வரவில்லை. பிப்ரவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து "ம்" ஒன்றுதான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் எழுதிக்கொடுக்கும் சொற்களை என் முன்னால் சொல்லிப்பார்க்கவே மாட்டார், கூச்சம். நீ இப்போது உட்காரும், வீட்டு விதிமீறல்களுக்கு நோட்டீஸ் கொடுக்கும் நகராட்சி நாற்காலியில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து ஊரையே அதட்டிய மனுஷன்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நீ வந்து பெரியப்பாவின் சக்கர நாற்காலி இறங்க எங்கள் வாசலில் போட்ட பலகைச் சாய்தளத்தில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போனாயே, அது நியாயமா? அனுமதியில்லாமல் கட்டியதாம், பத்து நாளில் பிரித்துப் போட வேண்டுமாம். பிரித்துவிட்டால் உன் பெரியப்பா எப்படி வெளியே வருவார்? இரண்டு மாதம் ஜன்னல் வழியாகத்தானடா தெருவைப் பார்த்தார்.

அதைக் கட்டியது பக்கத்து மாணவர் சங்க வீட்டுப் பையன்கள். ஆமாம், வாசலில் சங்கத்தின் பேராக மூன்று கிரேக்க எழுத்தை மாட்டிக்கொண்டு, புல்தரையில் காரும் சோபாவுமாகக் குடித்தனம் நடத்தும் அதே கூட்டம்தான். பெரியப்பா இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் புல் விதிக்கு மேல் வளர்ந்திருக்கிறதா என்று அளந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அந்த சோபாவுக்கு மட்டும் பதினாலு நோட்டீஸ். அவ்வளவையும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்களாம். தலைவன் கோல்பி வந்து, "அவர் வந்து திட்டலைன்னா எங்களுக்கு என்னமோ மாதிரி இருக்கு ஆன்ட்டி. ஒரு சனிக்கிழமை குடுங்க, சாரை வெளியில கொண்டுவந்துடறோம்" என்றான். ஒன்பது பேர் பலகையும் சுத்தியலுமாக வந்து சாயங்காலத்துக்குள் கட்டி முடித்துவிட்டார்கள்.

முதல் நாள் கொஞ்சம் வேகம் கூடிவிட்டது, அவ்வளவுதான். இரண்டடி உயர வாசல் திண்ணைக்கு எட்டடிப் பலகை போதும் என்று நினைத்துவிட்டார்கள், பொறியியல் படிக்கிற பையன்கள்தான். நான் கையை எடுத்தேனோ இல்லையோ, சக்கர நாற்காலி பெரியப்பாவோடு சர்ரென்று இறங்கி, எங்கள் டூலிப் பாத்தியைத் தாண்டி, அவர்கள் புல்தரைக்குள் போய், அந்த சோபாவில் மோதி நின்றது. நல்லவேளை, சோபா இருந்தது. அதில் உட்கார்ந்து பாலில் கார்ன்ஃப்ளேக்ஸ் போட்டுத் தின்றுகொண்டிருந்த பையன் கிண்ணத்தோடு எழுந்து நின்று, "சார்! புல்லை நாளைக்கே வெட்டிடறோம் சார்!" என்று அலறினான். பெரியப்பா "ம்" என்றார். ஒரு கீறல்கூட இல்லை.

இதை ஒரு குற்றமென்று உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தது யார் என்று கேட்டால், நீ என் முகத்தையே பார்க்காமல், "புகார் குடுத்தவங்க பேரை வெளியில சொல்லக்கூடாது பெரியம்மா. பெரியப்பாதான் எனக்கு அதைச் சொல்லிக்குடுத்தார்" என்கிறாய். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டே காருக்குப் போய்விட்டாய். நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டு மார்வா ப்ரூயிட்டைத் தவிர யாருக்கு அவ்வளவு பொழுது இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் வந்துவிட்டேன். அவளுக்கு நான் சுட்டுக் கொடுத்த ஆப்பிள் பை பலகாரத்தின் தட்டையும் கேட்டு வாங்கிவிட்டேன், பாதிப் பலகாரம் அதில் இருக்கும்போதே.

ஆகவே மகனே, ரத்தபாசம் கொஞ்சமாவது இருந்தால் நோட்டீஸைக் கிழித்து, புகாரையும் அழித்துவிடு. உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாதிருக்கட்டும். நீ போகிற வாசலில் எல்லாம் நாய்களைக் கட்டிப்போட்டிருக்கட்டும்.

உன் மேல் கோபமாக இருக்கும்,
பெரியம்மா லவான்

பி.கு.: கடிதத்தைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மார்வா கட்டம் வந்ததும் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு இடது கையால் தலையணைக்கு அடியிலிருந்து கசங்கிய காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். கோணல்மாணலாக அவர் கையெழுத்து: "முப்பத்தேழு, எல்டர்பெரி தெரு. சாய்தளம் செங்குத்து. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். பையன்களுக்கு அபராதம் வேண்டாம்." ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் பென்சில் கோடு, சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார். நான் கடைக்குப் போன நேரத்தில் உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டு அவரே பேசியிருக்கிறார். உன் கண்ணில் விழுந்த தூசி எதுவென்று இப்போது தெரிகிறது.

நோட்டீஸை எடுக்காதே. கோல்பியிடம் இருபத்துநாலடிக்கு அனுமதிப் படிவம் கொடுத்தனுப்பு. மார்வாவுக்கு முழு ஆப்பிள் பை ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். புகாரை மட்டும் அழித்துவிடாதே கண்ணு. உங்கள் ஆபீஸ் போனில் பதிவாகியிருக்குமாமே, அதை எடுத்துக்கொண்டு வா. அவர் குரலை நானும் ஒரு தடவை கேட்க வேண்டும்.