ராணி குளித்த முற்றம்

பெருமதிப்பிற்குரிய சர்பான் அண்ணன் அவர்களுக்கு, துரோவுலானிலிருந்து தம்பி கஸ்முங்கின் பணிந்து எழுதுவது. இங்கு யாவரும் சுகம். சுராபாயாவில் தாங்களும் அண்ணியும் சுகமாயிருக்க இறைவன் அருளட்டும்.

அண்ணா, எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்! என் மகள் லஸ்த்ரி கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட முற்றத்தில் குழி தோண்டினேன். அப்பா காலத்திலிருந்து வியாழன்தோறும் மாலையில் பூப்போடுகிறோமே முனிவர் சமாதிக் கல், அதற்கு ஒரு முழம் தள்ளித்தான். கடப்பாரை 'ணங்' என்றது. மண்ணை விலக்கினால் செங்கல் தரை, மஜாபாகித் ராஜாக்கள் காலத்துச் செங்கல்! சூளைக்காரன் எனக்குத் தெரியாதா? தொல்லியல்காரர் பாலுபி அம்மாள் தூரிகையோடு வந்து, மூன்று நாள் குப்புறப் படுத்துச் சுரண்டிவிட்டு, "ஐயா, இது முனிவர் சமாதி இல்லீங்க, குளிக்கிற இடம். நீங்க பூப்போடறது தண்ணி வெளியே போற வாய்க்காலோட மூடி" என்றார். நாற்பது வருஷம் சாக்கடை மூடிக்கு மல்லிகை போட்டிருக்கிறேன் அண்ணா!

அதுகூடப் பரவாயில்லை. முனிவர் காவல் இருக்கும் வீடு என்றுதானே சம்பந்தி துல்மனான் பெண்ணெடுக்கவே சம்மதித்தார்? நேரே வந்து, "முனிவர் வீடுன்னு சொல்லி, குளியலறை வீட்டுப் பொண்ண என் தலையில கட்டப் பாத்தீங்களா?" என்று கத்தினார். பிறந்த கிழமையெல்லாம் கணக்குப் போட்டுக் குறித்த நாள், மாற்றவும் முடியாது. லஸ்த்ரி உள்ளே அழுகிறாள். அந்த நேரம் பார்த்துப் பாலுபி அம்மாள், "எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே சுடுமண் குழாய்! அரண்மனைக்காரங்க குளிச்ச இடமாத்தான் இருக்கணும்" என்றாரோ இல்லையோ, நான் பிடித்துக்கொண்டேன். "சம்பந்தி, ராணி குளிச்ச இடம்! கல்யாணத்துக்கு முந்தின நாள் பொண்ணுக்கு ஏழு பேர் தண்ணி ஊத்தணுமே, இங்கேயே ஊத்துவோம். எந்தப் பொண்ணுக்கு இந்தக் குடுப்பினை?" துல்மனானுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. அந்தக் காலத்திலேயே குழாய்த் தண்ணீர் அண்ணா, நம் வீட்டில் இன்னும் வாளிதான்! ஏழு பேரில் ஒருவராகத் தாங்கள் கட்டாயம் வந்து ஊற்ற வேண்டும்.

அண்ணியின் பாதங்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள் தம்பி,
கஸ்முங்கின்

பி.கு.: உறையை ஒட்டும்போது பாலுபி அம்மாள் ஓடிவந்தார். பக்கத்துக் குழியில் குதிரைப் பற்களும் கடிவாள வளையங்களும் கிடைத்திருக்கின்றனவாம். "ஐயா, குளிச்சது ராணி இல்லீங்க, ராணுவக் குதிரைங்க! இப்படி ஒண்ணு இதுவரைக்கும் கிடைச்சதே இல்ல!" என்று குதிக்கிறார். ராணி ராசி என்று, அவர் தடுத்தும் கேளாமல், சம்பந்தி நேற்றிலிருந்து அங்கே மூன்று முறை குளித்துவிட்டார். இப்போதும் சோப்பும் துண்டுமாக வாசலில் நிற்கிறார். தாங்கள் பெரியவர், அடுத்த பஸ்ஸிலேயே வந்து, தாங்களே சொல்லிவிடுங்கள்.